வாலிபர் குணசேகரனுக்கு ஓலை வாசித்த கதை

பழிவாங்கக் கூடாது என்று என் மனைவி ராணியின் வேதத்தில் இருக்கிறது. எனக்கென்று வேதம் எதுவும் இல்லாததால் எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னிடம் இருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து பூட்டியே கிடந்த இலாகா. போன வருஷம்தான் திறக்க வேண்டி வந்தது.

திறக்க வைத்தவர் பேராசிரியர் குணசேகரன்.

அம்பத்தூரில் அப்போது 'அறிவியக்க ஆய்வு வட்டம்' என்று ஒன்று இருந்தது. பேராசிரியர்தான் தலைவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, கடவுள் இல்லை என்று நிரூபிப்பார்கள். ஒரு மாதம் நிரூபித்தது அடுத்த மாதம்வரை தாங்காது போலிருக்கிறது. மறுபடியும் கூடி நிரூபிப்பார்கள். நான் பாடியில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் இருந்தேன். கூட்டம் முடிந்தால் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் தருவார்கள். கடவுள் விஷயத்தில் எனக்குத் தனியாக அபிப்பிராயம் கிடையாது. பஜ்ஜி விஷயத்தில் உண்டு. அப்படித்தான் நாத்திகன் ஆனேன்.

ராணி எங்கள் கம்பெனி டிஸ்பென்சரியில் நர்ஸ். பிறவிக் கிறிஸ்தவள். ஆவடி சேக்காட்டில் இரட்சகர் ஆலயம் என்று ஒரு சின்னச் சபை, அதில் வளர்ந்தவள். எங்கள் காதல் தெரிந்ததும் அவள் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கோயில்ல வச்சிக் கட்டிக்கப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

நான் சரி என்றுதான் இருந்தேன். பேராசிரியர் விடவில்லை. "தோழர், நீங்கள் ஆலயத்தின் ஒரு படி ஏறினால் இயக்கம் ஒரு படி இறங்கும்" என்றார். ஓர் இயக்கத்தையே இறக்கும் அளவுக்கு நான் முக்கியமானவன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மயங்கிவிட்டேன்.

கல்யாணம் பாடி சமுதாயக் கூடத்தில், வேண்டுமென்றே ராகு காலத்தில். புரோகிதர் இல்லை, பாஸ்டர் இல்லை, சடங்கு இல்லை. வரவேற்புரை, முன்னிலையுரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை மட்டும். தலைமையுரையின் நடுவில் பேராசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கடவுள் இருந்தால் இந்த மேடைக்கு வந்து தடுக்கட்டும். ஐந்து நிமிடம் அவகாசம் தருகிறேன்." கூடம் கை தட்டியது. ராணியின் அப்பா உள்ளே வராமலும் திரும்பிப் போகாமலும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தார். ராணி தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன், மாலை கனமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் பேசி முடிப்பதற்குள் ராகு காலம் முடிந்து நல்ல நேரம் வந்துவிட்டது. எங்கள் உறுதிமொழி சுத்தமான சுபவேளையில் நடந்தது. அதை அவரிடம் சொல்ல எவனுக்கும் தைரியம் இல்லை.

இதில் இன்னொரு பாதிக்கப்பட்டவர் உஸ்மான் கனி. பூந்தமல்லியில் பிரியாணி மாஸ்டர், என் சிநேகிதர். சரியான நேரத்துக்கு தம் போட்டு வைத்துவிட்டு உரைகள் முடியக் காத்திருந்தார். பிரியாணி ஆறியது. பாய் மனசு இன்றுவரை ஆறவில்லை.

அந்தக் குணசேகரன்தான் சில வருஷம் முன்பு கிறிஸ்தவர் ஆனார்.

எங்கள் பக்கத்தில் ஜனங்கள் மதம் மாறுவது உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் தணியும், புருஷன் குடியை விடுவான், கனவு வரும், மாறுவார்கள். பேராசிரியர் படித்து மாறினார். வெளிநாட்டில் பெரிய பெரிய நாத்திக அறிஞர்கள் எல்லாம் இப்படி மாறுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். அம்பத்தூர் பின்தங்கிவிடக் கூடாதல்லவா. கூட்டம் போட்டு அறிவித்தார்.

"எனக்கு அழுகை வரவில்லை. வெளிச்சம் தெரியவில்லை. குரல் கேட்கவில்லை. முழுக்க முழுக்க வாதத்தின் அடிப்படையில் சரணடைந்திருக்கிறேன். மனித நாகரிகத்தை ஆய்ந்ததில், கடவுள் இருப்பது நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அவர் இருக்கலாம்."

கடவுளுக்கு அனுமதி கிடைத்தது.

சந்தேகப்பட்டுப் பிறகு நம்பிய அப்போஸ்தலரின் பெயரை வைத்துக்கொண்டு தாமஸ் குணசேகரன் ஆனார். "தோமாவாச்சும் தொட்டுப் பாத்து நம்பினாரு. இவரு அடிக்குறிப்பு பாத்து நம்பிட்டாரு" என்றாள் ராணி. கூடவே பன்னிரண்டு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் வட்டத்தின் பழைய அறிஞர்கள். எந்தச் சபையில் சேருவது என்று ஊர் ஊராக ஆராய்ந்தார்கள். எல்லாச் சபையும் அவர்களுக்கு நெகிழ்வாக இருந்தது. "நெகிழ்வதற்கு நாங்கள் நாத்திகத்திலேயே இருந்திருக்கலாம்" என்றார் பேராசிரியர். கடைசியில், சொன்னதைக் கேட்கக்கூடிய சின்னச் சபை ஒன்று வேண்டும் என்று முடிவு செய்து, சேக்காட்டு இரட்சகர் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ராணியின் சபைக்கு.

பாஸ்டர் பாபு சாது. கமிட்டிக்கு ஆள் கிடைக்காத வருஷம் அது. "படிச்சவங்க வந்தா கூரை ஒழுகறது நிக்கும்னு நெனச்சேம்மா" என்று பிற்பாடு ராணியிடம் வருத்தப்பட்டார். கூரை இன்னும் ஒழுகுகிறது. அதன் கீழே 'வேதநெறிக் காப்புக் குழு' உட்கார்ந்துவிட்டது.

குழு முதலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்கியது, அது பாபிலோனியச் சரக்காம். புது வருஷ ராத்திரி ஆளுக்கொரு வசனமாகத் தட்டிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டை லாட்டரிச் சீட்டுக்குச் சமம் என்று நிறுத்தியது. பாட்டுக்கு டாம்பரின் தட்டும் புஷ்பா அக்காவிடமிருந்து டாம்பரினைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தது. ஜெபத்தில் அழக் கூடாது, உணர்ச்சி வாதமாகாது. ஆராதனைக்கு வரவேற்புரையும் நன்றியுரையும் வந்தன. நன்றி ஆண்டவருக்கு இல்லை, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு. ஒரு ஞாயிறு பேராசிரியர் பழக்கதோஷத்தில் "அவையில் வீற்றிருக்கும் ஆண்டவர் அவர்களே" என்றே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. என் மகள் ரேஷ்மாவுக்கு வரன் அமையும் வரை.

பையன் வேலூர்ப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம், சிறுசேரியில் வேலை. ரேஷ்மா அம்மாவோடு சபைக்குப் போய் வளர்ந்தவள். கல்யாணம் சேக்காட்டுக் கோயிலில் என்று முடிவானது. அதற்கு ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் எழுந்து, இன்னாரின் மகனுக்கும் இன்ன தம்பதியரின் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று அறிவிப்பார். அதற்குத்தான் ஓலை என்று பெயர். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஓலை வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் இல்லை.

எங்களைக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டது. ஞாயிறு பள்ளி வகுப்பறையில் ஏழு அறிஞர்களும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றோம்.

"உங்கள் திருமணம் எங்கே நடந்தது?" என்றார் பேராசிரியர்.

"பாடி சமுதாயக் கூடத்துல சார்."

"நடத்தி வைத்தவர்?"

நான் ராணியைப் பார்த்தேன். "நீங்கதான் சார்."

"பெயரைச் சொல்லுங்கள். முறைப்படி நடக்க வேண்டும்."

"பேராசிரியர் குணசேகரன்."

"அவர் அப்போது விசுவாசியா?"

"இல்ல சார். கடவுளுக்கு அஞ்சு நிமிஷம் டைம் குடுத்தாரு."

குழுவில் ஒருவர் 'த்ச்சு' கொட்டினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவர் நடத்தி வைத்த எந்தத் திருமணமும் செல்லாது. இதை என்னைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார்?"

"ரெஜிஸ்டரும் பண்ணியிருக்கோம் சார்."

"அது சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லும். பரலோகம் சார்பதிவாளருக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆகவே ஓலையில் 'பாஸ்கரன், ராணி தம்பதியரின் மகள்' என்று வாசிக்க முடியாது. 'ராணி என்பவரின் மகள்' என்று வாசிக்கலாம்."

என் பொண்ணை, சபை முழுக்கக் கேட்க, அப்பன் பேர் இல்லாத பிள்ளையாக அறிவிக்கப் போகிறார்கள். அறிவிக்கச் சொல்கிறவர் எங்களைச் சேர்த்து வைத்தவர்.

இன்னொருவர் ராணியைப் பார்த்துத் திரித்துவத்தை விளக்கச் சொன்னார்.

"விளக்கத் தெரியாது சார். எங்கப்பா சாவுறப்ப பக்கத்துல உக்காந்து பாட்டு பாடினேன். அதான் தெரியும்."

"போதாது" என்றார் அவர்.

"மாற்று வழி உண்டு" என்றார் பேராசிரியர், மிகவும் கனிவாக. "சகோதரர் பாஸ்கரன் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். நீங்கள் இருவரும் இத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததற்குச் சபைமுன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதிதாக மணந்துகொள்ளலாம். என்னைக் கடுமையானவன் என்று நினைக்காதீர்கள். அன்று நம்பியவர்களை நான் அனுமதிக்கவில்லை. இன்று நம்பாதவர்களை அனுமதிக்கவில்லை. அனுமதிக்காததில் நான் ஒருநாளும் தடுமாறியதில்லை."

ராணி நிதானமாகச் சொன்னாள். "வாழ்ந்ததுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன் சார். எங்கப்பா சைக்கிள் ஸ்டாண்டுல நின்னாரே, அதுக்கு யாராச்சும் கேக்கறதா இருந்தா சொல்லுங்க. தம்பதியர்னு வாசிங்க. இல்ல, ஓலையே வேணாம்."

வேலூரிலிருந்து சம்பந்தி ஒருநாள் விட்டு ஒருநாள் போன். ஓலை என்னாச்சு, ஏதாவது பிரச்சினையா. ரேஷ்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் உஸ்மான் கனியிடம் போய்ப் புலம்பினேன்.

"இன்னா மாமே, அன்னிக்கி என் பிரியாணிய ஆறப் போட்டான். இன்னிக்கி உன் பொண்ணு கல்யாணத்தையே ஆறப் போட்றான். நீ இன்னாடான்னா குந்திகினு டீ குடிக்கிற" என்றார் பாய்.

"என்ன பாய் பண்றது? அவரோட வாதம் பண்ணி ஜெயிக்க முடியுமா?"

"வாதம் ஏன் பண்ற? கேள்வி கேளு. அவனே பேசிகினே போயி எங்கனா முட்டிக்குவான்."

அன்று இரவு சாப்பாட்டில் ராணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பாவம், நாகம்மா அக்கா. அவங்க கல்யாணமும் நம்மள மாதிரி மேடைக் கல்யாணந்தானே" என்றாள். நாகம்மா பேராசிரியரின் மனைவி. எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காட்டுப்பாக்கத்தில் பேராசிரியரின் ஃபிளாட்டுக்குப் போனேன். நாகம்மா அக்கா சமையல் கட்டில் இருந்தார். முன்னே அவருடைய மாரியம்மன் படத்தைப் பேராசிரியர் அறிவியக்கத்துக்காகக் கிணற்றில் போட்டார். இப்போது மாங்காட்டு அம்மன் காலண்டரை வேதநெறிக்காகக் கிழித்திருக்கிறார். அக்கா இரண்டு தடவையும் புதுப் படம் வாங்கி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டவர்.

நான் சமையல் கட்டுக்குக் கேட்கும்படி குரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஒரு சின்ன சந்தேகம் சார். எங்க கல்யாணம் செல்லாது, சரி. உங்க கல்யாணமும் அதே மாதிரி மேடையிலதானே நடந்திச்சு. அது மட்டும் எப்படிச் செல்லுதுன்னு சொன்னீங்கன்னா சம்பந்திக்கு எடுத்துச் சொல்லிடுவேன்."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. வாதத்தை நடுவில் நிறுத்தத் தெரியாது. இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டு டிப்போ வரைக்கும் போய்த்தான் இறங்குவார்.

"கோட்பாட்டளவில்," என்றார், "செல்லாது."

நாகம்மா அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "கோட்பாட்டளவுலன்னா?"

"ஆண்டவர் பார்வையில் நீயும் நானும் இன்னும் திருமணம் ஆகாதவர்கள்."

"அப்ப இத்தினி வருசமா இந்த ஊட்ல நீ யாரு?"

பேராசிரியர் சரியான சொல்லைத் தேடினார். "உடன் வசிப்பவர்."

"வாடக குடுத்தியா?"

அக்கா உள்ளே போனார். ஒரு பாய், ஒரு தலையணை, பிரஷர் மாத்திரை டப்பா மூன்றையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். "கல்யாணம் ஆவாத ஆம்பளைய ஊட்ல வச்சிகினு கீறேன்னு அபார்ட்மென்ட்ல நாலு பேரு பேசுவாங்க. கெளம்பு. மாத்திர ராத்திரிக்கு ஒண்ணு, மறந்துடாத."

அறிவியக்க மகளிர் அணிக்கு ஒரு வாட்சப் குழு இருந்தது. வருஷக்கணக்காக யாரும் எதுவும் போடாமல் கிடந்தது. அன்று சாயங்காலம் அது உயிர்த்தெழுந்தது. ஏழு அறிஞர்களுக்கும் மேடைக் கல்யாணம்தான். அந்த வாரம் முடிவதற்குள் ஏழு பேரும் ஞாயிறு பள்ளி வகுப்பறையில் பாய் விரித்திருந்தார்கள். சுவரில் குழந்தைகளுக்காக ஒட்டிய நோவாவின் பேழைப் படம். யானை ஜோடி, ஒட்டகச்சிவிங்கி ஜோடி, ஆமை ஜோடி. அதன் கீழே தலைக்குத் துண்டை மடித்து வைத்து, ஒற்றை ஒற்றையாக ஏழு பேர்.

உஸ்மான் கனி மத்தியானம் கேரியர் எடுத்துக்கொண்டு வருவார். "ஏழு பேச்சிலருக்கும் தயிர் சாதம். பிரியாணி கல்யாணம் ஆனாத்தான் நைனா" என்று வைத்துவிட்டுப் போவார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாவப்படுவதற்கும் நேரில் பார்த்தால்தானே வசதி.

விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். அது அவர்களுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் அறிஞர் ஆகியிருக்க மாட்டார்கள். இரவெல்லாம் கொசுவோடு விவாதித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். ஏழு பேரும் தத்தம் மனைவியரையே கோயிலில் மறுபடி மணப்பது. முன்மாதிரியாகத் தலைவர் முதலில். நாகம்மா அக்கா ஞானஸ்நானம் எடுக்கவில்லையே என்று நான் கேட்டேன். "இது விதிவிலக்கு அல்ல. விதியின் ஆழமான வாசிப்பு" என்றார் பேராசிரியர்.

அக்காவிடம் சம்மதம் கேட்கப் பாஸ்டர் பாபு போனார். "மொதல்ல ஓலை வாசிங்க, பாக்கலாம்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஓலைக்கு ஒரே வாசகம்தான். ஆணை வாலிபர் என்றும் பெண்ணைக் கன்னிகை என்றும்தான் வாசிக்க வேண்டும். இந்த ஒரு தடவை மாற்றலாமா என்று பாஸ்டர் கேட்டுப் பார்த்தார். மரபில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது.

முதல் ஞாயிறு பாஸ்டர் எழுந்தார். "காட்டுப்பாக்கத்தைச் சேர்ந்த வாலிபர் தாமஸ் குணசேகரனுக்கும், அதே ஊரைச் சேர்ந்த கன்னிகை நாகம்மாவுக்கும்..." பின்வரிசையில் ஆரம்பித்த இருமல் முன்வரிசை வரை போயிற்று. வாலிபர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆராதனை யூடியூபில் நேரலை. கனடாவில் இருக்கும் அவருடைய பேரன், 'வாழ்த்துகள் தாத்தா' என்று கமென்ட் போட்டிருந்தான்.

இரண்டாம் ஞாயிறும் இருமலோடு போயிற்று. அந்த வாரம் சம்பந்தி போன் செய்து, அடுத்த ஞாயிறாவது ஓலை ஆரம்பிக்கவில்லை என்றால் கல்யாணத்தை வேலூரிலேயே, ஒரு மண்டபத்தில், சிக்கனமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ரேஷ்மா கேட்டுக்கொண்டு நின்றாள். "மண்டபமே போதும்ப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் தாத்தாவின் குரல் மாதிரி இருந்தது.

மூன்றாம் ஞாயிறு நாகம்மா அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, கடைசி பெஞ்சில் ராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாஸ்டர் வாலிபரையும் கன்னிகையையும் வாசித்து, "தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்று முடித்து, வழக்கம்போல் அடுத்த அறிவிப்புக்குப் போக வாயெடுத்தார்.

"நான் அறிவேன் பாஸ்டரே" என்று அக்கா எழுந்தார்.

பாஸ்டர் பாபுவின் ஊழியத்தில் இதற்கு முன் ஒருவரும் எழுந்ததில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சொல்லுங்கம்மா."

"இந்தாளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சி. பொண்டாட்டி உசுரோட கீறா."

சபை மொத்தமும் திரும்பியது. "யாரும்மா அது?" என்றார் பாஸ்டர்.

"நான்தான்."

யாரும் இருமவில்லை. பாஸ்டர் முன்வரிசைக்குத் திரும்பினார். "ஐயா, இது உண்மையா?"

பேராசிரியர் எழுந்தார். இல்லை என்றால் கனடா வரைக்கும் நேரலையில், கட்டிய மனைவியை இல்லை என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் குழு, விதி, தீர்மானம் எல்லாம் போயிற்று. ஆறு அறிஞர்களும் அவர் முதுகையே பார்த்தார்கள். அவர்களுக்கும் முதுகுவலி, பாயில் படுத்து.

"கோட்பாட்டளவில்..."

"வாலிபரே," என்றார் அக்கா, "ஆமாவா, இல்லியா?"

பேராசிரியர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மைக்கைத் தேடாமல் சொன்னார். "ஆமாம்."

"இவருக்கு ஏற்கெனவே விவாகம் ஆகியிருக்கிறபடியால் இந்த ஓலை ரத்து செய்யப்படுகிறது" என்றார் பாஸ்டர். சாதுவான மனிதர் அந்த வாக்கியத்தை எவ்வளவு ருசித்துச் சொன்னார் என்பதை யூடியூபில் இன்றும் பார்க்கலாம். பிறகு தொண்டையைக் கனைத்தார். "அடுத்த ஓலை. சேக்காட்டைச் சேர்ந்த பாஸ்கரன், ராணி தம்பதியரின் மகள், கன்னிகை ரேஷ்மாவுக்கும்..." என்று வாசித்துவிட்டு, சரியாகக் கேட்டிருக்காது என்று சொல்லி மறுபடியும் 'தம்பதியரி'லிருந்து ஆரம்பித்தார். குழுவிலிருந்து ஒருவரும் எழவில்லை. எழுந்தால் அவரவர் கல்யாணம் போய்விடும்.

பீரோவில் இருந்த டாம்பரின் எப்படி வெளியே வந்ததோ தெரியாது. அடுத்த பாட்டுக்குப் புஷ்பா அக்கா அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ராணி என் பக்கம் சாய்ந்தாள். "அப்பா கேட்டிருப்பாரு இல்ல?"

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. "கேட்டிருப்பாரு" என்றேன்.

வெளியே வந்ததும் நாகம்மா அக்கா வகுப்பறை வாசலில் நின்று, "பாயச் சுருட்டு" என்றார். பேராசிரியர் சுருட்டினார். அக்கா போகும்போது ராணியிடம், "செவ்வாக்கெழம அதே ஷேர் ஆட்டோலதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போகிற ஆட்டோவும் ராணி இப்போது அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போகிற ஆட்டோவும் ஒன்றுதானாம். ரொம்ப நாளாகவே. எனக்குத் தோன்றிய கேள்வி, எனக்கு ரசத்தோடு பரிமாறப்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

"பழிவாங்கக் கூடாதுன்னு உங்க வேதத்துல இல்ல?" என்றேன்.

"நான் இன்னா பண்ணேன்? நீங்கதானே போய்க் கேட்டீங்க" என்றாள்.

ரேஷ்மா கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டோம். கோயிலில் முடிந்ததும் பந்தலில் சாப்பாடு. உஸ்மான் கனி பிரியாணி தம் உடைக்கப் போகும் நேரம், பேராசிரியர் மைக் பக்கமாக ஒதுங்கி வந்தார். "தோழர்... சகோதரர்... வாழ்த்துரை ஏதும் உண்டா?"

"உண்டு சார். அஞ்சு நிமிஷம் அவகாசம்" என்றேன். "ஆனா அதுக்குள்ள கடவுள் வந்துட்டார்னா மைக் அவருக்குத்தான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பந்திப் பக்கம் பார்த்தார். தேக்சா மூடியைப் பாய் திறந்தார், ஆவி பந்தல் கூரை வரை போயிற்று. பேராசிரியர் மைக்கை விட்டு நகர்ந்து போய் நாகம்மா அக்காவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். முதல் கரண்டியை உஸ்மான் கனி அவருக்குத்தான் வைத்தார்.

"சூடா துன்னு சார்" என்றார்.